ஜெர்சி ஓரத்து மஞ்சள்

சத்தம் போடுகிறார்கள். முந்நூறு பேர் இருப்பார்கள், ஒருத்தர் பாக்கியில்லை. பாதிரியார் அண்ணாந்து கத்துகிறார், மருந்துக்கடைக்காரர் கத்துகிறார், காருக்குள் உட்கார்ந்திருக்கிற வயதானவர்கள் ஹாரனை அழுத்திப் பிடித்திருக்கிறார்கள், அதைக் கேட்டு நாய்கள் வேறு. என் வீட்டுக்காரர் மாரிச்செல்வம் இரண்டு கையையும் வாயில் குவித்து, பயிருக்குள் மாடு புகுந்துவிட்ட மாதிரி ‘ஹோய் ஹோய்’ என்கிறார். நான் மட்டும் வாயைத் திறக்காமல் நிற்கிறேன். திறந்தால் நான் செய்து வைத்திருக்கிற காரியம் வெளியே விழுந்துவிடும் போலிருக்கிறது. மற்ற ஊரில் எல்லாம் செத்தவர்களுக்கு ஒரு நிமிடம் மௌனம், அயர்லாந்தில் இந்த பாலிடரன் ஊரில் மட்டும் ஒரு நிமிடம் சத்தம். வருஷா வருஷம் மே மாதத்தில் நெட் டில்லன் ஞாயிறு. ஆட்டம் தொடங்குமுன் நடுவர் கடிகாரத்தைப் பார்த்துக் கையைத் தூக்குவார், அறுபது நொடி ஊரே தொண்டை கிழியக் கத்த வேண்டும். நூறு வருஷத்துக்கு முன்னால், இந்த நாடு இங்கிலாந்துக்காரனிடமிருந்து பிய்த்துக்கொண்டு வரப் போராடிய காலத்தில், பத்தொன்பது வயதில் சுடப்பட்டுச் செத்த பையன் நெட். அடக்கம் முடிந்து எல்லோரும் தலையைக் குனிந்து நின்றபோது அவன் அம்மா ஹன்னாதான் சொன்னாளாம், “எதுக்கு எல்லாரும் ஊமையா நிக்கிய? அந்தப் பய எவ்வீட்டுல ஒரு நிமிஷம் வாய மூடினதில்ல. அவனுக்காக நீங்களும் மூட வேண்டாம்.” அவள் சங்கரன்கோவில் தமிழில் சொல்லியிருக்க மாட்டாள், எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு இதைச் சொன்ன நோராவே என் காதுக்குள் எங்கள் கடைத்தெருப் பெண் மாதிரிதான் பேசுவாள். பதினோரு வருஷமாக நர்ஸாக இருக்கிறேன் இங்கே, ஆஸ்பத்திரியில் இங்கிலீஷாகக் கேட்டு இங்கிலீஷாகவே பதில் சொல்லிவிடுகிறேன், நெஞ்சுக்கு நெருக்கமாக யாராவது பேசினால் போதும், நடுவழியில் எங்கேயோ தமிழாகி வந்து விழுகிறது. நோரா டில்லன் நெட்டுடைய தம்பியின் பேத்தி. எழுபத்தொரு வயது. கிளப்பின் துணிமணிகளுக்கெல்லாம் அவள்தான் ராணி. இப்போது எனக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு அவளும் கத்துகிறாள். கத்திக்கொண்டே என்னைப் பார்க்கிறாள். பார்க்காதே தாயே. முன்னால் பார்.

நடுவர் கையை இறக்கினார். பந்தைப் போட்டார். ஓடுகிறார்கள் பிள்ளைகள், பதினைந்து வெள்ளை ஜெர்சி, இல்லை பதினாலு, கோல் காக்கிற ஈஃபாவுக்கு மட்டும் பச்சை, அது தனியாக வந்து நேராக அவள் வீட்டுக்கே போய்விட்டது, அந்தமட்டுக்கு ஒன்று தப்பியது. பதினாலு வெள்ளை, வெளியே உட்கார்ந்திருக்கிற ஆறு பேரையும் சேர்த்தால் இருபது. இருபதிலும் கை வைத்தேனே! ஒன்றோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? இங்கே ஜெர்சி துவைப்பது முறைவாசல் மாதிரி, வாரம் ஒரு வீடு. இந்த வாரம் எங்கள் வீடு. அதுவும் நெட் டில்லன் ஞாயிறுக்கென்று புதிதாகத் தைத்து வந்த செட். வெள்ளிக்கிழமை நோரா பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள், “முப்பது டிகிரி தண்ணி, ஒரு தடவ அலசு, வெயில்ல உள்பக்கத்தத் திருப்பிப் போடு. வாசனத் தண்ணி கிண்ணி ஊத்தாத. வெள்ளத் துணி, ஒரு கற பட்டுச்சோ ஒன்னையத்தான் கேப்பேன், பாத்துக்கோ” என்றாள். பாத்துக்கிட்டேன் நோரா, நன்றாகவே பாத்துக்கிட்டேன். அலசினேன், காயப் போட்டேன், சனிக்கிழமை சாயந்திரம் அடுப்படி மேஜையில் வைத்து மடித்தேன். காதில் போன், என் தங்கச்சி சங்கரன்கோவிலிலிருந்து தன் மாமியார் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள், நல்ல கதை, கட்டத்துக்குக் கட்டம் திருப்பம், நான் ‘ம்’ கொட்டிக்கொண்டே மடிக்கிறேன், மடிக்கிறேன், வாசம் வருகிறது, என்ன வாசம் என்று பார்த்தால் என் வலது கை தானாகப் போய் மஞ்சள் டப்பாவைத் தொட்டுத் தொட்டு வந்து ஒவ்வொரு ஜெர்சியின் கீழ் ஓரத்திலும் ஒரு பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறது. கடைசி ஜெர்சி கையில் இருக்கிறது. புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காமல் நான் ஒருநாளும் உடுத்தியதில்லை, பிள்ளைக்கு உடுத்திவிட்டதில்லை, ஆஸ்பத்திரி யூனிபார்முக்கே உள்ளே தெரியாத இடத்தில் வைத்துத்தான் போட்டேன். கைக்கு என்ன தெரியும், இது கிளப் ஜெர்சி, இது கோமதி வீட்டுத் தீபாவளித் துணி என்று? கை நல்ல கைதான். புத்திதான் மாமியார் கதையில் கிடந்தது.

“ஏட்டி கோமதி, பாரு பாரு, நம்ம புள்ள!” என்று மாரிச்செல்வம் என் தோளை உலுக்குகிறார். பார்க்கிறேன். பதின்மூன்றாம் நம்பர். என் சங்கரி. பதினேழு வயது, முதல் தடவையாகப் பெரியவர்கள் டீமில். மட்டையை இடுப்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள், நுனியில் பந்து உட்கார்ந்திருக்கிறது, விழமாட்டேன் என்கிறது. இந்த ஆட்டத்துக்குக் கமோகி என்று பேர். முதல்முதலில் பார்த்தபோது ஹாக்கிக்கும் கம்புச் சண்டைக்கும் கல்யாணம் ஆகிப் பிறந்த பிள்ளை என்று மாரிச்செல்வம் சொன்னார். பந்தை வலைக்குள் அடித்தால் மூன்று, மேலே கம்பங்களுக்கு நடுவில் பறக்க விட்டால் ஒன்று, இவ்வளவுதான் எனக்குத் தெரியும்; மீதியெல்லாம் அவருக்குத் தெரியும், தெரியாததையும் தெரிந்த மாதிரிச் சொல்வார். அடித்தாள்! பறக்கிறது, வெள்ளையாக ஒரு புள்ளி வானத்தில், நடுவிலே, நடுவிலேதான், கொடி தூக்கிவிட்டார்கள், ஒன்று! எனக்குச் சிரிப்பு பொங்குகிறது, அழுகையும் வருகிறது, என் வயிற்றில் பிறந்தது, சாப்பாட்டுத் தட்டைக் கழுவப் போடாமல் போகிற கழுதை, அது அடித்தது ஒரு பாயிண்ட். இதே இடத்தில், இதே வலது மூலையில்தான் நெட்டும் ஆடுவானாம். பாலைச் சேகரிக்கிற பண்ணையில் கேன்களை எடை போடுகிற வேலை, சாயந்திரம் ஆட்டம், நடுவில் சைக்கிள். அந்த சைக்கிள் கைப்பிடிக் குழாய்க்குள்தான் கடிதங்களைச் சுருட்டிப் போராட்டக்காரர்களுக்குக் கொண்டு போனான். ஒருநாள் பட்டாளத்துக்காரர்கள் மறித்தபோது, தோளில் கிடந்த மட்டையை எடுத்து அதில் ஒருத்தன் கையில் கொடுத்து, இப்படிப் பிடி, முழங்கையை மடக்காதே என்று கால்மணி நேரம் அடிக்கக் கற்றுக்கொடுத்தானாம். இன்னொரு பட்டாளத்துக்காரன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றானாம், கைப்பிடியை! இதைச் சொல்லும்போது இன்றைக்கும் ஊர் சிரிக்கிறது. கடையில், முடிவெட்டும் இடத்தில், எங்கள் வார்டில் மூச்சு வாங்கப் படுத்திருக்கிறவர்கள்கூட ஆக்சிஜன் முகமூடியைத் தூக்கிவிட்டுச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஒரு ஆள் செத்து நூறு வருஷம் கழித்தும் சிரிக்க வைக்கிறான் என்றால் அவன் எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். வீடு திரும்பும்போது பாடிக்கொண்டே வருவானாம், திருப்பத்துக்கு அந்தப் பக்கமே குரல் கேட்டுவிடும், ஹன்னா அடுப்பில் உருளைக்கிழங்கை வைத்துவிடுவாள்.

ஐயோ. சங்கரி ஜெர்சி ஓரத்தைத் தூக்கி முகத்தைத் துடைக்கிறாள். இங்கேயிருந்தே தெரிகிறது. வெள்ளையில் மஞ்சள், உள்ளங்கை அகலம். மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் விரல்பொட்டு, இவளுக்கு மட்டும் தீவு மாதிரி. ஏனென்றால் நேற்று நான் அழிக்கப் பார்த்தது இவள் ஜெர்சியில்தான். நம் பிள்ளையுடையதுதானே, கெட்டால் கெடட்டும் என்று சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். சிவந்துவிட்டது. ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலக்குகிற ஊரில் பிறந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் சோப்பைக் கீழே போட்டுவிட்டேன், வெள்ளைத் துணியில் இடுப்புக்கிட்டே சிவப்பாக ஒன்று, அதுவும் பதின்மூன்றாம் நம்பர், அதுவும் நெட் டில்லன் ஞாயிறுக்கு. தண்ணீரை ஊற்றி ஊற்றி அலசினேன். சிவப்பு போய் மறுபடி மஞ்சளானது, பெரிய மஞ்சள். மீதி பத்தொன்பதைத் தொடவே இல்லை. கறை உள்ளே போகிற மாதிரி மடித்து, பையில் வைத்து, வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்காரரிடமே சொல்லவில்லை, அவரிடம் சொன்னால் வானொலியில் சொன்ன மாதிரி. சங்கரியிடம் எப்படிச் சொல்ல? எட்டு வயதில் முதல்நாள் பயிற்சிக்கு வந்தபோது, கார் நிறுத்துகிற இடத்தில் எல்லோர் முன்னாலும் அவளுக்கு உப்பு மிளகாய் சுற்றிப் போட்டவள் நான். அந்தப் பிள்ளை அன்றைக்குக் காரை விட்டு இறங்கவே மாட்டேன் என்றது. அதிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கிளம்பும்போது அதே பாட்டுத்தான், இன்றைக்குக் காலையிலும் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னாள், “யம்மா, ப்ளீஸ்ம்மா, இன்னைக்கு மட்டும் அங்க வந்து வித்தியாசமா ஒன்னும் பண்ணிராத.” நான் “பண்ணலட்டி” என்றேன். பண்ணி முடித்துப் பையில் கட்டி வைத்துவிட்டு, பண்ணலட்டி என்றேன்.

ஆறாம் நம்பர் பிள்ளை சங்கரியிடம் வருகிறது. ஏதோ கேட்கிறது. தன் ஜெர்சி ஓரத்தைப் பிடித்துக் காட்டுகிறது, இவள் தன்னுடையதைக் காட்டுகிறாள். இரண்டு பேரும் திரும்பி எங்கே பார்க்கிறார்கள்? இங்கே. நேராக என்னை. சங்கரி விரலை நீட்டுகிறாள், அந்தா நிற்கிறாளே அவள்தான் என்கிற மாதிரி. போச்சு. எனக்குக் காது இரண்டும் சுடுகிறது. கையில் எலுமிச்சம்பழச் சாதம் வேறு, ஆட்டம் முடிந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று பெரிய டப்பாவில் கொண்டுவந்தேன், அதுவும் மஞ்சள், என் நகக்கண்ணும் மஞ்சள், சாட்சியெல்லாம் நானே தூக்கிக்கொண்டு நிற்கிறேன். கறை போனால் போகிறது, ஜெர்சி விலை என்ன பெரிய விலை, அதுவல்ல. ஒன்பது வருஷம் அந்தப் பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக இந்த ஊர்ப் பிள்ளையாகி, இன்றைக்குத்தான் முழுசாக உள்ளே போயிருக்கிறாள், அவளை நான் என் மஞ்சள் கையால் பிடித்து வெளியே இழுத்துவிட்டேனோ, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு இனி நீ ஆட்டத்துக்கே வராதே என்று சொல்லிவிடுவாளோ, அதுதான் என் பயம். நோரா ஏன் பேச மாட்டேன் என்கிறாள்? ஆட்டம் நடக்கும்போது நோராவின் வாய்க்குப் பூட்டே கிடையாது, நடுவரின் கண்ணாடியிலிருந்து அவர் கொள்ளுத் தாத்தா வரைக்கும் இழுப்பாள். இன்றைக்கு உடை மாற்றும் அறையிலிருந்து வந்ததிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. அங்கேதான் ஜெர்சியைப் பிரித்திருப்பார்கள். பார்த்திருப்பாள். கறை பட்டால் உன்னையத்தான் கேட்பேன் என்றாள், கேட்டுத் தொலையேன்.

கிளப் வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பதக்கம் இருக்கிறது, சுண்டுவிரல் நகம் அளவு, மாதா உருவம் தேய்ந்துபோய். நெட்டுடைய சட்டையின் கீழ் ஓரத்தில், உள்பக்கமாக, ஹன்னா தைத்து வைத்தது. அந்தக் காலத்தில் இங்கே அம்மாக்கள் அப்படித்தான் செய்வார்களாம், பிள்ளை கழற்றி வைத்துவிடக் கூடாதென்று துணியோடு சேர்த்துத் தைத்துவிடுவது. பட்டாளத்துக்காரர்கள் அவனைச் சுட்டு, பண்ணை வாசலில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள்; முகத்தை வைத்து யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஹன்னா குனிந்து சட்டை ஓரத்தைத் தடவிப் பார்த்தாளாம். விரலில் தட்டுப்பட்டதும் “எம்புள்ளதான்” என்றாளாம். இதை நோரா சொன்னபோது நான் அந்தப் பெட்டி முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். சமாதானம் வர இன்னும் இரண்டே மாதம்தான் இருந்தது. அப்படியானால் அந்தப் பதக்கம் என்ன செய்தது? இந்தக் கேள்வியில்தான் எனக்கு எப்போதும் முள் குத்துகிறது, ராத்திரி வேலையில், பஸ்ஸில், தலை துவட்டும்போது. குண்டை நிறுத்தவில்லை. என் மஞ்சளும் எதையும் நிறுத்தாது, நான் நர்ஸ், எனக்குத் தெரியாதா எதை எது நிறுத்தும் என்று? பந்து வந்து முட்டியில் அடித்தால் அடிக்கத்தான் செய்யும். ஆனாலும் வைக்கிறேன். வைக்காமல் அனுப்பினால் வாசலைத் தாண்டுகிற வரைக்கும் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. வைத்தால் போய்வா என்று சொல்ல வருகிறது, அவ்வளவுதான் சமாச்சாரம். ஹன்னாவுக்கும் அதுதானே? அவன் பாடிக்கொண்டு போன அத்தனை காலையிலும் அவள் சிரித்த முகத்தோடு வழியனுப்பியிருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஆட வேண்டிய ஆட்டத்தைத் தள்ளி வைக்கலாம் என்று ஊர் சொன்னபோது கூடாது என்றவளும் அவள்தான். அவன் இல்லாமல், ஒரு ஆள் குறைவாகவே ஆடினார்கள். இன்றைக்கும் அந்த ஆட்டம்தான் முடியாமல் நடந்துகொண்டிருக்கிறது, இப்போது பெண்பிள்ளைகள் ஆடுகிறார்கள், வலது மூலையில் என் பிள்ளை ஆடுகிறாள். நெட், நீ பார்த்தால் என்னப்பா சொல்வாய்? முழங்கையை மடக்காதே என்பாய்.

விசில். பாதி ஆட்டம் முடிந்தது. இரண்டு பாயிண்ட் பின்னால் இருக்கிறோமாம், மாரிச்செல்வம் காற்றின்மேல் பழி போடுகிறார். பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போகிறார்கள், ஒன்று மட்டும் எதிர்த்திசையில் ஓடி வருகிறது, என்னை நோக்கி, பச்சை ஜெர்சி. ஈஃபா. ஆறடிக்கு ஒரு விரல் குறைவு, கையில் அகலமான மட்டை. அவள் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள், இங்கே எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான், என் காதில் அது அத்தை என்று வந்து விழும். மூச்சு வாங்க நின்றாள், முகமெல்லாம் கோபம்.

“அத்த, எனக்கு மட்டும் இல்ல!”

“என்னம்மா இல்ல?”

“மஞ்ச! எல்லாருக்கும் வச்சிருக்கீங்க, வெளிய உக்காந்திருக்கவளுக்குக்கூட வச்சிருக்கீங்க, எனக்கு மட்டும் வைக்கல. சங்கரி சொன்னா, எங்கம்மா இது வைக்காமப் புதுத்துணி போட விடமாட்டா, பத்திரமா வீடு வந்து சேரணும்னு வைக்கிறதுன்னா. அப்ப நா வீடு வந்து சேர வேண்டாமா? ரெண்டு கோல் உள்ள விட்டுட்டேன்!”

சங்கரியா? சங்கரி சொன்னாளா? “என்னைக் காட்டிக் காட்டிச் சிரிச்சாளா?” என்று கேட்டேன். “சிரிக்கவா? யாராவது சிரிச்சா மட்டைய எடுப்பேன்னா” என்றாள் ஈஃபா. “அவளுக்குத்தான் பெருசா வச்சிருக்கீங்கன்னு அறை முழுக்கச் சுத்திச் சுத்திக் காட்டினா. சீக்கிரம் வைங்க, விசில் அடிச்சிருவாங்க.” எதை வைக்க? மஞ்சள் டப்பா அடுப்படியில் இருக்கிறது. கைப்பையைத் துழாவுகிறேன், பேனா இருக்கிறது, பஸ் கார்டு இருக்கிறது, தெர்மாமீட்டர்கூட இருக்கிறது. அப்புறம் மூளை வேலை செய்தது. எலுமிச்சம்பழச் சாத டப்பாவைத் திறந்தேன், ஓரத்தில் மஞ்சளாக மினுமினுக்கிற எண்ணெயில் விரலைத் தோய்த்தேன், கடுகு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது, ஒட்டிக்கொள்ளட்டும். குனிந்து பச்சை ஜெர்சியின் ஓரத்தைப் பிடிக்கப் போனால், அங்கே ஏற்கெனவே ஒரு கை பிடித்திருக்கிறது. சுருங்கின கை, நரம்பு ஓடின கை. நோரா. துணியின் ஓரத்தை மெதுவாகத் திருப்பி, தையலுக்கு உள்பக்கத்தை எனக்குக் காட்டினாள்.

“உள்பக்கமா வையி” என்றாள். “அங்கதான் வைக்கணும்.”

வைத்தேன். நோராவின் மூக்கு நுனி சிவந்திருந்தது, கண்ணைத் துடைக்காமல் வானத்தைப் பார்த்து, “இது சலவையில போவாதுல்லா?” என்றாள். “எத்தன தடவ தொவைச்சாலும் முழுசாப் போவாது நோரா” என்றேன். “நல்லது” என்றாள். ஈஃபா தன் அம்மாவுக்குக்கூட அப்படிக் கொடுத்திருக்க மாட்டாள், வேர்வையோடு என்னைக் கட்டிப் பிடித்து ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, ஜெர்சியில் ஒட்டிய கடுகு வாசத்தோடு கோல் கம்பத்துக்கு ஓடினாள். மாரிச்செல்வம், “ஏட்டி, என்ன நடக்கு இங்க? எனக்கு ஏன் ஒருத்தரும் ஒன்னும் சொல்ல மாட்டேங்கிய?” என்கிறார். சொல்கிறேன், வீட்டுக்கு வந்து சொல்கிறேன், ஊருக்கே நீங்கள் சொல்லலாம்.

பிள்ளைகள் மறுபடி மைதானத்துக்குள் வருகிறார்கள். வெயில் அடிக்கிறது, இந்த ஊரில் அடிக்கிற வெயில், தொட்டுக்கொள்கிற அளவுக்கு. சங்கரி வலது மூலையில் போய் நின்று, மட்டையை ஊன்றிக்கொண்டு, என்னைத் தேடுகிறாள். கண்டுபிடித்துவிட்டாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ம், என்ன பார்க்கிறாய், என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறாள், கழுதை, என் கழுதை. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, நான் இன்னும் கத்தவில்லை. முந்நூறு பேரும் நெட்டுக்காகக் கத்தியபோது என் வாய் மட்டும் மூடியிருந்தது. அந்தப் பையனுக்கு ஒரு சத்தம் குறைகிறது. வித்தியாசமாக ஒன்றும் பண்ணாதே என்றாள் பிள்ளை. சரி, பெரிதாக ஒன்றுமில்லை, எங்கள் ஊர்க் கோயிலில் ஆடித்தபசுக்கு எல்லாப் பெண்களும் செய்வதுதான். டப்பாவை நோராவின் கையில் கொடுத்தேன். மூச்சை வயிறு வரைக்கும் இழுத்தேன். நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டேன்.

மைதானமே திரும்பியது. விசிலை வாய்க்குக் கொண்டுபோன நடுவர் அப்படியே நின்றார். நிறுத்தவில்லை நான், இழுத்தேன், இந்தக் குரல் திருப்பத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கட்டும், ஹன்னா அடுப்பில் உருளைக்கிழங்கை வைக்கட்டும். மூச்சு முடிந்து நான் நிறுத்தியபோது மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து, வலது மூலையிலிருந்து, மெல்லிசாக, நாக்கு சரியாகச் சுழலாமல், பாதியில் சிரிப்பு வந்து உடைந்து, மறுபடி பிடித்துக்கொண்டு, இன்னொரு குலவை வந்தது.